உளவியல் படிக்க ஆசை: சென்னையில் எந்தப் பாதை யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என் போன் ஓயாது. முதலில் அம்மா பேசுவார்: "பொண்ணு சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா மேடம், சேர்க்கலாமா?" பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்கும்: "படிச்சா வேலை கிடைக்குமான்னு கேளு." கடைசியில் போன் பிள்ளையின் கைக்குப் போகும்: "எந்த காலேஜ் பெஸ்ட் மேடம்?" மூவரும் கேட்பது மூன்று வேறு கேள்விகள். கல்லூரிப் பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மூன்று வருஷ பி.எஸ்சி. முடித்தால் உளவியல் பட்டதாரி ஆகலாம்; உளவியலாளர் ஆக முடியாது. பி.காம். முடித்த எல்லோரும் ஆடிட்டர் ஆகிவிடுவதில்லை அல்லவா, அது போலத்தான். இது சேரும்போதே தெரிந்திருந்தால் பாதி மனவருத்தம் மிச்சம். மூன்றாம் வருஷக் கடைசியில்தான் பலருக்குத் தெரியவருகிறது, அப்போது வீட்டில் பெரிய சண்டையாகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பார்க்க வேண்டியது, முடிவில் எதில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைக்கும் என்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' யார் என்று தெளிவாகவே சொல்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. ஏற்றுக்கொண்ட கிளினிக்கல் சைக்காலஜி தகுதி வேண்டும். இல்லாவிட்டால் உளவியலில் முதுகலையும், அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியோடு இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில்.லும் வேண்டும். நோயைக் கணித்து அறிக்கை எழுதுவது, சோதனைகள் செய்து சான்றிதழ் தருவது எல்லாம் இந்தத் தகுதி உள்ளவர்களின் வேலை.

அடுத்தது காலம். கிளினிக்கல் பக்கம் போக இதுவரை இருந்த கணக்கு இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, எம்.ஃபில். இரண்டு, ஆக ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் வீடு தாங்குமா என்பதை ரிசல்ட் வந்த வாரத்திலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, தினமும் எதோடு உட்காரப் போகிறோம் என்பது. மனித மனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆர்வம் வேறு, கஷ்டத்தில் இருப்பவரின் எதிரில் மணிக்கணக்கில் உட்காரும் பொறுமை வேறு. ஒன்று இருப்பவரிடம் மற்றது இருந்தே தீர வேண்டும் என்றில்லை. இவை தவிர, நடுவில் மனசு மாறினால் வேறு பக்கம் திரும்ப வழி இருக்கிறதா, கட்டண ரசீதில் வராத செலவு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

## பி.எஸ்சி. உளவியல்

சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி, எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் என்று பல இடங்களில் இது இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். காமர்ஸ் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள்.

இது எப்படிப்பட்ட படிப்பு என்று தெரிய, லேபில் செய்யும் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். நீளவாக்கில் ஒரு பலகை. அதில் ஒரு கோடு, இரு முனையிலும் அம்பு முனை போல உள்பக்கம் மடிந்த குறிகள். அதை ஒட்டி இன்னொரு கோடு, அதன் முனையில் குறிகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். இந்த இரண்டாவது கோட்டை இழுத்து நீட்டலாம், உள்ளே தள்ளிக் குறைக்கலாம். "ரெண்டும் ஒரே நீளமாத் தெரியுற இடத்துல நிறுத்துங்க" என்பாள் சோதனை செய்யும் மாணவி. எதிரில் இருப்பவர் நிறுத்துவார். பலகையைத் திருப்பினால் பின்பக்கம் மில்லிமீட்டர் அளவு இருக்கும், எவ்வளவு பிசகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். சிறியதிலிருந்து நீட்டிக்கொண்டு போவது ஒரு முறை, பெரியதிலிருந்து குறைத்துக்கொண்டு வருவது ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பல தடவை. அப்புறம் சராசரி, திட்டவிலக்கம், அட்டவணை, ரெக்கார்டு நோட்டு. கண் ஏமாறுகிறது என்று தெரிந்த பிறகும் கண் ஏமாந்துகொண்டேதான் இருக்கும். முதல் தடவை இதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

1889இல் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட உருவம் இது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1901-02இல் இதே உருவத்தை நம்முடைய நீலகிரிக்குக் கொண்டுவந்து தோடர்களிடம் சோதித்தார். ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. மனித மனம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய கேள்வி. நூறு வருஷம் கழித்து, 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூவரும் அதே கேள்வியை இன்னும் அழுத்தமாகக் கேட்டார்கள்: மேற்கத்தியச் சமூகங்களில், அதிலும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைச் சோதித்துவிட்டு, மனித குலமே இப்படித்தான் என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015இல் வெளியானது; சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி நிற்கும் முடிவு மறுபடியும் கிடைத்திருந்தது.

இதைப் படித்ததும் "அப்படியா! மற்றது எல்லாம் ஏன் திரும்பக் கிடைக்கவில்லை?" என்று கேட்கத் தோன்றுகிறவருக்கு இந்தப் படிப்பு பொருந்தும். "இதெல்லாம் எதுக்கு, நான் கவுன்சிலிங் கத்துக்க வந்தேன்" என்று தோன்றினால், மூன்று வருஷமும் கசக்கும். கல்லூரிக்குக் கல்லூரி அளவு மாறும், ஆனால் புள்ளியியல், மூளையின் அமைப்பு, நரம்பு மண்டலம், ஆய்வு முறை இவை இல்லாத உளவியல் இளங்கலை நல்ல இளங்கலை இல்லை. கணக்கைக் கண்டு பயந்து ஆர்ட்ஸ் பக்கம் வந்த பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கு பிளஸ் டூ கணக்கு போல மிரட்டாது, உட்கார்ந்தால் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது இன்டர்ன்ஷிப். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, சில இடங்களில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். தாம்பரத்தில் வீடு, பயிற்சி கீழ்ப்பாக்கத்தில் என்றால் போக்குவரத்து, வெளிச்சாப்பாடு எல்லாம் சேரும். அடுத்தது சர்டிபிகேட் கோர்ஸ்கள். வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு, பளபளப்பான சான்றிதழ், 'சர்டிபைடு தெரபிஸ்ட்' என்ற பட்டம். ஆர்.சி.ஐ. பதிவுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. இவற்றில் பணத்தை இறைத்துவிட்டு முதுகலைக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பணத்தை முதுகலைக்கு எடுத்து வையுங்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் செலவுக்கு அது கைகொடுக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பது முதல் வருஷம் கஷ்டமாக இருக்கும். ஆனால் வார்டில் நோயாளியின் வீட்டாரோடு பேசி விவரம் வாங்கும் நேரத்தில், எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி, யாரோடு பேசுகிறார், வேலைக்குப் போகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதும்போது, தமிழ்வழிப் பிள்ளைகளிடம் அவர்கள் மனம் திறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷத்தோடு நிறுத்தினால்? எச்.ஆர். துறை, பள்ளிகளில் சிறப்புக் குழந்தைகளுக்குத் துணை ஆசிரியர், தெரபி மையங்களில் உதவியாளர், தொண்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு என்று வழிகள் உண்டு. எம்.பி.ஏ., சட்டம், குடிமைப் பணித் தேர்வு பக்கமும் திரும்பலாம். தனியாக போர்டு மாட்டிச் சிகிச்சை தர மட்டும் முடியாது, கூடவும் கூடாது.

கிளினிக்கல் பாதையில் இப்போது விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திவிட்டது, கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் (மனநலச் சமூகப்பணி) இரண்டுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. அதற்கு மாற்றாக எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. எனவே, அக்கா படித்த வழியைத் தங்கைக்கு அப்படியே சொல்ல முடியாது. எந்தக் கல்லூரியின் எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அங்கீகாரம் என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் உள்ள 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற சொல் போதாது.

## பி.எஸ்.டபிள்யூ., பிறகு எம்.எஸ்.டபிள்யூ.

இந்தப் பாதையை யாரும் கேட்டு வருவதில்லை, நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளங்கலை பி.எஸ்.டபிள்யூ., முதுகலை எம்.எஸ்.டபிள்யூ. என்ற இந்தச் சமூகப்பணி படிப்பில் முதல் வருஷத்திலிருந்தே களப்பணி உண்டு. குடிசைப் பகுதி, முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி என்று அனுப்புவார்கள். "எனக்கு மனுஷங்களோட இருக்கணும், உதவி பண்ணணும்" என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உண்மையில் பொருந்துவது இதுதான் என்பது என் கருத்து.

மனநலத் துறையில் சமூகப்பணியாளர்களுக்குத் தனி இடம் உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இவர்களோடு சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கரும் இருப்பார். சென்னையிலேயே 1993இல் தொடங்கிய 'பான்யன்', தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக ஆரம்பித்த அமைப்பு. அங்கே மருந்து கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. அவருடைய ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும், வீட்டாரிடம் பேச வேண்டும், ஆதார், உதவித்தொகை என்று அலைய வேண்டும், திரும்பிப் போக வீடு இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

வருஷக் கணக்கில் இது சாதகம். மூன்றும் இரண்டும் ஐந்து, அத்தோடு எம்.எஸ்.டபிள்யூ. தகுதியில் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் சட்டப்படி 'சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்' என்றால் அதற்கு மேல் இரண்டு வருஷ எம்.ஃபில். கேட்கிறது, அங்கேயும் மேலே சொன்ன அதே விதி மாற்றம்தான். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, வேலை அலைச்சல், சில வேலைகள் திட்ட நிதி இருக்கும்வரைதான். உடலும் மனமும் களைத்துப்போகும் வேலை என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

## வேறு இளங்கலை, பிறகு எம்.எஸ்சி. உளவியல்

எந்தப் பட்டம் பெற்றவரையும் சேர்க்கும் உளவியல் முதுகலைகள் உண்டு. புள்ளியியல், பொருளாதாரம், விலங்கியல், கணினி படித்துவிட்டு வந்து சேர்ந்தவர்களை வகுப்பில் பார்க்கிறோம். மனித நடத்தையைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும், கம்பெனியில் பயனர் ஆய்வு செய்ய வேண்டும், மக்கள் ஏன் சேமிக்கிறார்கள், ஏன் ஹெல்மெட் போட மறுக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இது நல்ல வழி. புள்ளியியல் பட்டதாரி உளவியலுக்கு வந்தால் எல்லோரும் அவரைத் தேடுவார்கள். மனசு மாறினாலும் கையில் வேறு பட்டம் இருக்கிறது.

இதன் மறைமுக விலை முதல் வருஷ எம்.எஸ்சி.யில் தெரியும். மற்றவர்கள் மூன்று வருஷமாகப் படித்ததை ஒரு கோடையில் படித்தாக வேண்டும். கிளினிக்கல் படிப்புகளில் உளவியல் இளங்கலையே கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே இந்த வழி அடைபடும். சிகிச்சை தர வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம்.

## ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி

"ஆட்டிசம் உள்ள குழந்தைகளோட வேலை செய்யணும்" என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளைகளுக்கு இது. அவர்களை பி.எஸ்சி. உளவியலுக்கு அனுப்பிவிட்டு, ஏழு வருஷம் கழித்துத்தான் குழந்தையோடு உட்காரலாம் என்று சொல்வது நியாயமில்லை. பேச்சு வராத குழந்தையோடு தினமும் உட்காருகிறவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பட்டன் போட, பென்சில் பிடிக்க, சத்தத்தைத் தாங்கப் பழக்குகிறவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து இதுவரை நான்கு, நான்கரை வருஷம். இளங்கலையோடேயே தொழில் செய்யும் தகுதி கிடைத்துவிடும்.

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டுமே இந்த வழி. தனியார் கல்லூரிக் கட்டணம் உளவியலைவிடக் கூடுதல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைத் திறன் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் மத்திய அரசுடையது. சேருவதற்கு முன் அங்கே ஒரு நாள் போய், குழந்தைகளும் தெரபிஸ்ட்டுகளும் என்ன செய்கிறார்கள் என்று அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

## எம்.பி.பி.எஸ்., பிறகு சைக்கியாட்ரி

நீட் எழுதி இடம் கிடைக்கும் நிலையில் இருப்பவருக்கு மட்டும். ஐந்தரை வருஷம், பிறகு எம்.டி. மூன்று வருஷம். மருந்து எழுதும் உரிமை இந்தப் பாதையில்தான் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குத் தலைமை தாங்கியதும், 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். வழிகாட்டிகளுக்குச் சென்னையில் குறைவில்லை. ஆனால் உளவியல் ஆசைக்காக இரண்டு, மூன்று வருஷம் நீட் கோச்சிங்கில் உட்காருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

## தொலைதூரக் கல்வி

இந்தக் கதவு மூடிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியிலும் இக்னோவிலும் உளவியல் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட நலத்துறைப் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டுவிட்டது. இன்னும் யாராவது "வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்" என்று போன் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| பாதை | வருஷம் | முடிவில் | நடுவில் நின்றால் |
|---|---|---|---|
| பி.எஸ்சி. உளவியல் வழி கிளினிக்கல் | இதுவரை 7 | பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் | பட்டதாரி வேலைகள் |
| பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. | 5 | சமூகப்பணியாளர் | 3 வருஷத்தில் களப்பணி வேலை |
| வேறு பட்டம், எம்.எஸ்சி. உளவியல் | 5 | ஆய்வு, நிறுவன வேலைகள் | முதல் பட்டத்தின் வேலை |
| ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபி | இதுவரை 4 முதல் 4½ | தெரபிஸ்ட் | பட்டம் கிடைக்காது |
| எம்.பி.பி.எஸ்., எம்.டி. | 8½ | மனநல மருத்துவர் | 5½ வருஷத்தில் மருத்துவர் |

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்?

21 வயதில் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால், கிளினிக்கல் கனவோடு பி.எஸ்சி. உளவியலில் சேர்க்காதீர்கள். பி.எஸ்.டபிள்யூ. முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே மேலே படிக்கலாம்; அறிவியல் பிரிவு என்றால் தெரபி படிப்புகளைப் பாருங்கள். ஏழு வருஷம் தாங்கும் வீடு, பிள்ளைக்குப் படிப்பில் பொறுமையும் மனிதர்களிடம் பொறுமையும் உண்டு என்றால், தயங்காமல் பி.எஸ்சி. உளவியல். "நீ ஏன் டாக்டருக்குப் படிக்கலை" என்று கேட்கும் சொந்தக்காரர்களை நான் சமாளித்துக்கொள்கிறேன், என்னிடம் அனுப்புங்கள்.

வீட்டில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்து, அதனாலேயே இதைப் படிக்க வேண்டும் என்று வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம். இந்தப் படிப்பு அவர்களுக்கு உதவும். ஆனால் வீட்டில் இருப்பவருக்கான சிகிச்சை அந்தப் பிள்ளையின் பட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள்.

இனி கல்லூரி. சேர்க்கைக்குப் போகும் நாளில் கட்டிடத்தைப் பார்க்காமல் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். உளவியல் லேப் எங்கே இருக்கிறது, திறந்து காட்ட முடியுமா? பூட்டிய அறையில் தூசி படிந்த பலகைகள் இருந்தால் அங்கே பரிசோதனை ரெக்கார்டு நோட்டில்தான் நடக்கிறது என்று அர்த்தம். புள்ளியியலை நடத்துவது யார், உளவியல் தெரிந்தவரா? போன வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எந்தெந்த மருத்துவமனையில், அமைப்பில் பயிற்சிக்குப் போனார்கள், அங்கே அவர்களை மேற்பார்வையிட்டது யார்? கடைசிக் கேள்விக்கு இடங்களின் பெயர்களைச் சொல்லிப் பதில் சொல்லும் துறைத் தலைவர் இருக்கும் கல்லூரியில், கட்டணம் வீட்டுக்குத் தாங்கும் என்றால், அன்றைக்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.